குறுக்கா, நெடுக்கா?

1

இன்று மகனுக்கு மூன்று வயது. விடிய எழும்பி அவனுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக வார்த்து, சாமிப் படத்தடியில் நிற்பாட்டித் திருநீறு பூசினேன். சர்க்கரைப் புக்கையை ஒரு வாய்க்கு மேல் அவன் தொடவில்லை. கண் முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த கேக்கில்தான்.

மூத்தவள் வதனிக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். லண்டன் வந்து சில வருடங்களில் எங்கள் வீட்டு வழக்கம் இப்படி ஆகிவிட்டது. பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே அவள் ஒரு செய்தி சொன்னாள். தன் சிநேகிதியின் தாய்க்கு வருகிற செவ்வாய்க்கிழமை குழந்தை பிறக்கப் போகிறதாம்.

"செவ்வாய்க்கிழமைதான் எண்டு என்னெண்டு தெரியும்?"

ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாயிற்று, அன்றைக்கு மருந்து ஏற்றி வலியை வரப்பண்ணுவார்கள் என்று அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். பிறகு, தனக்கும் நாள் குறித்தார்களா என்று கேட்டாள்.

"இல்லை."

தம்பிக்கு?

"தம்பிக்குக் குறிச்சவை. நான் பொறுங்கோ எண்டு சொன்னனான்."

வதனி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். டொக்டரிடம் அப்படிச் சொல்லலாமா என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. சொல்லத் தொடங்கியிருந்தாலும், அவளுக்குத் தெரிந்த தமிழிலோ எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலோ அந்தக் கதை அடங்கியிருக்காது. ஊரில் இதை வாசிக்கும் பெண்களுக்காவது முழுதாய் எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

2

வதனி பிறந்தபோது நாங்கள் இணுவிலில் இருந்தோம். என்னைப் பெற்ற ஐயாவுக்குப் புகையிலைத் தோட்டம். கணவர் கரவெட்டிக்காரர், யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தார்.

எல்லாப் பாடத்தையும் தமிழில் படித்த தலைமுறை எங்களுடையது. சுகாதாரப் பாடத்தில் படம் கீறி, கருப்பை, சூல்வித்தகம், தொப்புள்நாண் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதி நல்ல புள்ளி எடுத்தவள் நான். ஆனால் வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தபோது, என் கட்டிலைச் சுற்றி நின்று அவர்கள் கதைத்தது ஆங்கிலத்தில். எல்லாரும் தமிழர்தான். ஒருவரையொருவர் பார்த்துக் கதைத்தார்கள். நடுவில் என் வயிறு இருந்தது.

திடீரென்று எல்லாரும் வேகமாக நடக்கத் தொடங்கினார்கள். தள்ளுவண்டி வந்தது.

"என்ன மிஸ்ஸி, பிள்ளைக்கு என்ன?" என்று தாதியிடம் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. பேசாமல் படும். உம்மடை மனுசன் வெளியிலை நிக்கிறாரோ?"

கையெழுத்து அவரிடம் வாங்கினார்கள். எனக்கு முகத்தில் எதையோ வைத்து மூடினார்கள். கண் விழித்தபோது அடிவயிற்றில் நெருப்பு. தொப்புளுக்குக் கீழே நெடுக்காக ஒரு தையல். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, ஊரார் எல்லாரும் பார்த்து முடிந்த பிறகுதான் என்னிடம் தந்தார்கள். அழகான பிள்ளை. ஆனால் அவள் பிறந்ததை நான் மட்டும் காணவில்லை என்ற எண்ணம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

ஏன் வெட்டினார்கள் என்று கணவரிடம் கேட்டேன்.

"கையெழுத்து வைக்காட்டில் ரெண்டு பேரும் தப்பமாட்டினம் எண்டு சொல்லிச்சினம். எனக்கு அந்த அவதியிலை வேறை ஒண்டும் கேக்கத் தோணேல்லை" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவருக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

டொக்டர்கள் சொல்லாததை ஊர் சொன்னது. பிள்ளை பெருத்துவிட்டது என்றார் ஒருவர். எனக்கு இடுப்பு ஒடுக்கம் என்றார் இன்னொருவர். மாமி, அதாவது ஐயாவின் தங்கை, "மாதம் நிறைஞ்ச பிறகும் கிணத்திலை தண்ணி அள்ளினவள். நான் கண்ணாலை கண்டனான்" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். உண்மைதான், அள்ளினேன். மற்றதெல்லாம் காதோடு போயிற்று, அது மட்டும் உள்ளே தங்கிவிட்டது. லண்டனில் குழாயைத் திறந்து வாளி நிரம்புவதைப் பார்த்து நிற்கும்போதுகூட, நான்தான் என் பிள்ளையைக் கத்திக்குக் கொடுத்தேனோ என்று நினைத்திருக்கிறேன்.

3

வதனிக்கு மூன்று வயதாக இருக்கும்போது லண்டன் வந்தோம். கணவர் கணக்கியல் படிக்க வந்து, படிப்பு இழுபட, ரயில்வேக் கந்தோர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் அடுக்கினேன். இங்கே வீசா அலுவலகம், தொழில் அலுவலகம், வைத்திய அட்டை என்று எங்கே போனாலும் வரிசையில் நின்று பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். அதிலேயே என் ஆங்கிலம் முடிந்துவிடும்.

இரண்டாவது பிள்ளை தங்கியதும் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் நெடுநேரம் கதைத்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வேகம். அவர் ஒவ்வொரு வசனத்தையும் முடிக்கும்போது நான் "யெஸ், யெஸ்" என்றேன். ஊரில் ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது "ஓம், ஓம்" என்று சொல்லாமல் இருந்தால் மரியாதைக்குறைவு. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தவிர அந்த "ஓம்"முக்கு வேறு அர்த்தம் இல்லை. அவருக்கு அது தெரியாது.

வெளியே வந்தபோது கரீபியன் பக்கத்துத் தீவொன்றிலிருந்து வந்த மருத்துவிச்சி ஒருவர் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் ஒரு திகதி எழுதியிருந்தது.

"அப்போ சத்திரசிகிச்சைதான் என்று முடிவெடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"எந்தச் சத்திரசிகிச்சை?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினார். பிறகு என்னைத் திரும்பவும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை டொக்டரும் மெதுவாகக் கதைத்தார். முதல் பிள்ளையை ஏன் வெட்டி எடுத்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. உள்ளே கருப்பையை வெட்டியது குறுக்காகவா, நெடுக்காகவா? அதுவும் தெரியாது. தோலில் நெடுக்குத் தையல் இருந்தால் உள்ளேயும் நெடுக்கு என்று இல்லையாம், ஆனால் இருக்கவும் கூடுமாம். உள்ளே நெடுக்காக வெட்டியிருந்தால் வலி வரும்போது தையல் பிரியும் ஆபத்து அதிகம். கீழே குறுக்காக வெட்டியிருந்தால், சாதாரணமாகப் பெற்றுப் பார்க்கலாம், நான் விரும்பினால். தெரியாமல் துணிய மாட்டேன் என்றார்.

என் உடம்புக்குள் இருக்கும் ஒரு கோடு. அது எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊருக்குப் போக ஏற்கெனவே ரிக்கற் எடுத்திருந்தோம். "பொறுங்கள். நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் அந்தத் திகதியை அழிக்கவில்லை, பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

4

எனக்குச் சத்திரசிகிச்சை செய்த டொக்டர் அப்போது நல்லூரில் தன் வீட்டிலேயே பின்னேரங்களில் நோயாளிகளைப் பார்த்துவந்தார். வெளியே போட்டிருந்த வாங்கில் காத்திருந்து என் முறை வந்ததும் உள்ளே போனேன். தலை நரைத்திருந்தது.

"என்ன வருத்தம், பிள்ளை?"

"வருத்தம் இல்லை டொக்டர். என்ரை மூத்த பிள்ளைக்கு நீங்கள்தான் சிசேரியன் செய்தனீங்கள். ஏன் செய்ததெண்டு கேக்க வந்தனான்."

அவர் முகம் இறுகிற்று. "ஏதும் பிழை வந்ததோ?"

"ஒரு பிழையுமில்லை. மகள் நல்லாயிருக்கிறாள். நான்தான் ஒண்டும் தெரியாமல் இருக்கிறன்."

லண்டன் டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்ச் சொற்கள் அப்போதுதான் உதவின. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் உப்பிடி வந்து கேட்டதில்லை" என்றார். "நினைவிலை இருந்து ஏதும் சொல்லலாம். ஆனா நான் பிழையாச் சொன்னா அது உம்மடை உயிர். ஆஸ்பத்திரியிலை நோயாளியளின்ரை விபரம் எழுதின பழைய ரிக்கற்றுகள் கட்டிவைச்சிருக்கும். பாத்துத்தான் சொல்லுவன். உம்மடை வீடு இணுவிலிலை எவ்விடம்?"

கலியாணத்துக்கு முதல் நாள். முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. பாய் விரித்துப் பெண்கள் வட்டமாக இருந்து காய்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். படலையடியில் கார் வந்து நின்றது. டொக்டர் இறங்கினார். யாருக்கோ வருத்தம் கடுமையாக்கும் என்று எல்லாரும் பயந்துபோனார்கள். ஐயா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

"சொல்லுங்கோ டொக்டர், என்ன விசயம்?"

"உங்கடை மகளோடைதான் கதைக்க வேணும், ஐயா" என்றார் அவர்.

அறைக்குள் வரச்சொன்னேன். உள்ளே பலகாரப் பெட்டிகள் அடுக்கியிருந்ததில் நிற்க இடமில்லை. அதனால் பந்தலுக்குக் கீழேயே ஒரு கதிரையில் இருந்தார். நான் எதிரே பாயில் இருந்தேன். பெண்கள் வெட்டுவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு காதை எங்கள் பக்கம் வைத்தார்கள். அவர் பாயில் இருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து, காம்பு கீழே வரும்படி பிடித்தார்.

"இது கருப்பை எண்டு வையும். வாசல் கீழை, காம்புப் பக்கம். பிள்ளை தலைகீழாய் இருக்க வேணும். உம்மடை பிள்ளை குறுக்கை கிடந்தது. தண்ணிக்குடம் உடைஞ்ச உடனை தலைக்குப் பதிலா ஒரு கை வெளியிலை வந்திட்டுது. அப்பிடி வந்தா அந்தப் பிள்ளை தானாப் பிறக்க ஏலாது. வெட்டாமல் விட்டிருந்தா ரெண்டு பேரும் இல்லை."

கை முதலில் வந்தது என்று கேட்டதும் எனக்கு வதனியின் கை நினைவுக்கு வந்தது. சோறு உண்ணும் கை, பென்சில் பிடிக்கும் கை.

"ஏன் குறுக்கை கிடந்தது, டொக்டர்?"

"சில பிள்ளையள் கிடக்கும். அவ்வளவுதான்."

என் மாமி வாழைக்காயும் கையுமாக நிமிர்ந்தார். "அப்ப, தண்ணி அள்ளினதாலை இல்லையோ டொக்டர்?"

"இல்லை அம்மா. தண்ணி அள்ளாதவைக்கும் குறுக்கை கிடக்கும். இவ செய்த ஒண்டாலையும் வந்ததில்லை."

மாமி வாழைக்காயை வெட்டி முடித்தார்.

டொக்டர் கத்தரிக்காயின் காம்புக்குச் சற்று மேலே நகத்தால் குறுக்காக ஒரு கீறல் போட்டார். "இவ்விடத்திலைதான் வெட்டினது. குறுக்கை கிடந்த பிள்ளையெண்டால் சிலவேளை நெடுக்கை வெட்ட வேண்டி வரும். உமக்குத் தேவைப்படேல்லை. ரிக்கற்றிலை என்ரை கையாலை எழுதியிருக்கு. இந்தத் தையல் கொஞ்சம் உறுதி. நல்ல ஒப்பரேசன் தியேட்டர் பக்கத்திலை இருந்தா நீர் சாதாரணமாப் பெத்துப் பாக்கலாம். கனபேருக்கு நல்லாத்தான் முடியும். ஆனா தையல் விடாதெண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். திரும்ப வெட்டினாலும் அதுக்கும் அதின்ரை ஆபத்துகள் இருக்கு."

"நீங்கள் என்ன செய்யச் சொல்லுறியள்?"

"உமக்கு இப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தெரியும். அங்கத்தை டொக்டரோடை கதைச்சு நீர் முடிவெடும்."

லண்டன் டொக்டருக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதற்கு முன் வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். எழும்பப் போனவரை, கொக்குவிலில் இருந்து வந்திருந்த ஒரு பெண் மறித்தார். "டொக்டர், எனக்கு மூண்டாவதுக்கு ஒரு ஊசி ஏத்தினவை. ஏத்தின உடனை வலி துடிதுடிச்சு வந்தது. அது என்ன ஊசி?" அதற்குப் பதில் சொல்ல, இன்னொருவர் கேட்டார். டொக்டருக்குக் கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போய், திரும்பப் போட்டுக் கொண்டுவந்தார்கள். கலியாணக் கறிக்கு அன்று வெட்டிய காய் குறைவு.

பின்னேரம் மாமி ஒரு தம்ளரில் பால்கோப்பி கொண்டுவந்து என் கையில் தந்தார். சீனி கூடப் போட்டிருந்தார். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று தம்ளரை வாங்கிக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் வாயால் சொல்வதில்லை.

5

லண்டன் திரும்பி, பெற்றுப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"நாளைக் குறிச்சு வெட்டட்டும். எனக்கு உம்மைப் பணயம் வைக்க ஏலாது."

"என்னை நான்தான் வைக்கிறன். எல்லாம் கேட்டுத்தானே சொல்லுறன்."

"கேட்டனீர். எனக்குப் பயமாயிருக்கு. அதுக்கு என்ன செய்ய?"

அவர் வதனி பிறந்தபோது வாசலிலேயே விடப்பட்டு நின்ற மனிதர். கதவுக்கு வெளியே நிற்பது எப்படிப்பட்டது என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். அவர் சொன்னார். அதன்பிறகு கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு பேருமாகப் போனோம்.

வலி ஒரு காலையில் தானாக வந்தது. பிள்ளை தலைகீழாகத்தான் இருந்தான். மத்தியானம்வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு வலி தளர்ந்தது. கருப்பை வாசல் திறப்பது நின்றது. டொக்டர் வந்து கதிரையை இழுத்து, என் முகத்துக்கு நேரே இருந்தார்.

பிள்ளையின் நெஞ்சு இப்போது நன்றாக அடிக்கிறது என்றார். மூன்று வழி இருக்கிறது: இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். மருந்து ஏற்றி வலியைக் கூட்டலாம், ஆனால் பழைய தையலுக்கு அது கூடுதல் பாரம். அல்லது வெட்டலாம். அவருடைய விருப்பம் வெட்டுவது, ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

பழக்கதோஷத்தில் நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளிறியிருந்தது. "உம்மைத்தான் கேட்டவர்" என்று தமிழில் மெல்லச் சொல்லி, என் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். பொறுத்தோம். மாற்றம் இல்லை. மருந்து வேண்டாம், வெட்டுங்கள் என்று சொன்னது நான்தான். மயக்காமல் வெட்ட வழி உண்டா என்றும் கேட்டேன். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கும், விழித்திருக்கலாம் என்றார்கள். அதிலும் தலையிடி வரலாம், ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்று சொன்னார்கள். கேட்டுவிட்டுச் சம்மதித்தேன்.

பச்சைத் துணிக்கு அப்பால் யாரோ என்னை இழுத்து அசைப்பது போல் இருந்தது, நோகவில்லை. அப்புறம் அந்தச் சத்தம். பூனைக்குட்டி தும்மியது போல முதலில், பிறகு முழுத் தொண்டையில். அவனைத் துடைக்காமல், வழுவழுப்போடு என் கன்னத்தில் வைத்தார்கள். நான் அழுதது மகனுக்காக மட்டும் இல்லை.

கடைசியில் வெட்டுத்தானே, இவ்வளவு பாடு எதற்கு என்று இங்குள்ள எங்கள் ஆட்கள் சிலர் கேட்டார்கள். இரண்டு தையலும் என் வயிற்றில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. பார்ப்பவர்களுக்கு இரண்டும் வெறும் வெட்டுத்தான். முதலாவது எனக்கு நடந்தது. இரண்டாவதில் நானும் இருந்தேன். எல்லாரும் என்னைப்போல் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். முதலே நாள் குறித்து வெட்டுவித்த என் சிநேகிதி ஒருத்தி அவ்வளவு நிம்மதியோடு போய் வந்தாள். அவளும் கேட்டு அறிந்துதான் போனாள்.

6

போன கோடையில் அம்மா வந்து எங்களோடு சில மாதங்கள் நின்றார். ஒரு நாள் பூங்காவில் வாங்கில் இருந்தோம். வதனி தம்பியை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"உவனையும் வெட்டித்தானே எடுத்தவை. பாவம் நீ" என்றார் அம்மா.

"நான்தான் அம்மா வெட்டச் சொன்னனான்."

"ஆர் உன்னைக் கேட்டது?"

"டொக்டர்."

"மருமோனைக் கேக்கேல்லையோ?"

"இல்லை. என்னைத்தான்."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துக் குளிருக்குப் போர்த்துக்கொண்டார்.

"என்னெண்டு கேட்டவர்?"

"என்ன செய்வம் எண்டு."

"அப்பிடியில்லை. அவர் கேட்ட மாதிரியே சொல்லு பாப்பம்."

நான் அம்மாவின் பக்கம் திரும்பி இருந்தேன். "பிள்ளை இப்ப நல்லாயிருக்குது. மூண்டு வழி இருக்கு" என்று தொடங்கி, ஒவ்வொன்றாகச் சொல்லி, "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று முடித்தேன்.

எனக்கும் தங்கச்சிக்கும் இடையில் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து தவறியது எனக்குத் தெரியும். குறடு போல ஓர் ஆயுதம் போட்டு இழுத்து எடுத்த பிள்ளை. அதற்குமேல் அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைத்ததில்லை. அம்மா ஒருநாளும் கதைத்ததில்லை.

"பொறுப்பம் எண்டு சொல்லியிருப்பன்" என்றார் அம்மா.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பொறுத்திருந்தாலும் தப்பியிருக்குமோ தெரியாது. ஆனா ஆரும் கேட்டிருந்தா, நான் பொறுப்பம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

நான் அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா அதை இழுத்துக்கொள்ளவில்லை. "அது பொம்பிளைப் பிள்ளை" என்றார்.